தொடர்மாடியில் எட்டரைப் பேர்

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருளைப் பழகி ஒன்பது வருடமாகிறது. முதல் ஆய்வு கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில். தமிழில் 300 வினாக்கொத்துகள். பதில் சொல்லாத இடத்தில் 99 என்று பதிந்தேன். மெனுவில் நாலு சொடுக்கு; இடையும் (சராசரி) நியம விலகலும் அட்டவணையாக வந்து விழுந்தன. ஒரு வீட்டின் அங்கத்தவர் எண்ணிக்கை, இடை 8.6. அச்சிட்ட புத்தகம்போல இருந்த அந்த அட்டவணையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. அறிக்கையிலும் ஒட்டிவிட்டேன்.

கூட வேலை செய்த அக்கா பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இரண்டு அறை வீட்டில் எட்டரைப் பேர் எங்கே படுக்கிறார்கள்?”

அந்தக் கேள்விக்கு 14 பேர் பதில் தரவில்லை. அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் நான் 99 பேரைக் குடிவைத்திருந்தேன். விடுபட்ட பதில்களுக்கான ‘மிஸ்ஸிங்’ நிரலில் 99ஐக் குறித்ததும் இடை 4.2க்கு இறங்கியது. மென்பொருளில் தவறில்லை. எண்ணைக் கொடுத்தேன், கூட்டித் தந்தது.

இன்னொரு தலையிடி எழுத்துரு. வினாக்கொத்து பாமினியில் தட்டச்சாகி வந்திருந்தது. அதை மென்பொருளில் கேள்வியின் விளக்கம் எழுதும் லேபிளில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டினால் தமிழ் தமிழாகவே நிற்கிறது.

மெனுவின் பெரிய குறை, சொடுக்கியது எதுவும் நம் நினைவில் நிற்காது என்பது. யாரை விலக்கினோம், எந்த வயதுப் பிரிவுகளை ஒன்றாக்கினோம் என்று மேற்பார்வையாளர் இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது திருதிருவென விழித்தேன். ‘ஓகே’க்குப் பக்கத்தில் ‘பேஸ்ட்’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் செய்யப்போவது கட்டளை வரிகளாகத் தனிக் கோப்பில் விழும். மூன்று வருடம் அதை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியதும் உரிமத்தைப் புதுப்பிக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். அதைப் போலவே இயங்கும் இலவச மென்பொருளான பி.எஸ்.பி.பி.க்கு மாறினேன். எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் சேமித்த பழைய எஸ்.ஏ.வி. தரவுக் கோப்புகள் திறந்தன, சேமித்த கட்டளைகளில் பெரும்பாலானவை அப்படியே ஓடின. ‘பேஸ்ட்’ பொத்தானின் அருமை அன்றுதான் புரிந்தது. வரைபடங்கள் மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை.

வரைபடத்துக்காகத்தான் ‘ஆர்’ (R) என்ற நிரல்மொழிக்குப் போனேன். நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இஹாக்கா, ஜென்டில்மன் இருவரும் தொடங்கிய இலவச மொழி. முதல் ஆறு வாரம் கண்ணீர். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதைத் தேடி ஒரு மாலைப்பொழுதே போயிருக்கிறது. அதில் சேர்த்துக்கொள்ளும் ‘ஹேவன்’ என்ற கட்டளைப் பொதி பழைய கோப்புகளை லேபிளோடு வாசிக்கும். மின்வெட்டு நாட்களில் மடிக்கணினி அணைந்தாலும் சேமித்த கட்டளைக் கோப்பை மறுபடி ஓட்டினால் போதும்.

கைவர்க்கச் சோதனை (chi-square), நேர்கோட்டுப் பிற்செலவு (linear regression) என்ற அளவில் நிற்கும் இளமாணி ஆய்வுக்குப் பி.எஸ்.பி.பி. தாராளம். பிரதேச செயலகப் பிரிவுக்குள் வீடு, வீட்டுக்குள் ஆள் என்று அடுக்கடுக்கான தரவோடு முதுமாணிக்குப் போகிறவர், ஆர் பழகும் அந்த ஆறு வாரத்தை முதல் வருடத்திலேயே அழுது முடித்துவிடலாம்.