பிராஸ் பசாவில் ஒரு பழைய புத்தகக் கடை

சிங்கப்பூரின் பிராஸ் பசா கட்டடத்தில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்கு மூன்று முறை போய்விட்டேன். போர் வரலாற்றுக்கென்றே இரண்டு அலமாரிகள். பெரும்பாலும் டாங்கியும் விமானமும் அட்டையில் போட்ட தடித்த புத்தகங்கள்தாம். கீழ்த்தட்டில் குனிந்து தேடுங்கள்.

அங்கேதான் ஸ்மெட்லி பட்லரின் சிறு நூல் கிடைத்தது, 6 வெள்ளிக்கு. அமெரிக்க மரின் படையில் 33 ஆண்டு இருந்து மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றவர். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை இரண்டு முறை வாங்கியவர். போரில் லாபம் சிலருக்கு, சாவும் ஊனமும் பலருக்கு என்று 1935இல் அவரே கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கம்பெனிகளின் லாபக் கணக்கு வரும் பக்கத்தில் யாரோ பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருக்கிறார்கள், தாள் கிழிகிற அளவுக்கு.

அப்புறம் வியட்நாம் போர் பற்றிய ஒரு படப் புத்தகம். 1971 ஏப்ரலில் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் இருந்த வேலிக்கு மேலாகத் தங்கள் பதக்கங்களைப் போரை எதிர்த்து வீசினார்கள். நின்றபடியே அந்தப் பக்கங்களை வெகுநேரம் பார்த்தேன். தேசிய சேவையில் நானும் துப்பாக்கி தூக்கியவன். மகன் அடுத்த வருஷம் போகிறான். அவனுக்காக அதையும் வாங்கினேன்.

குறை என்றால், வெளிச்சம் போதாது, விலை எழுதாத புத்தகங்களும் நிறைய. கடைக்கார அங்கிளிடம் கேட்டால் நியாயமான விலைதான் சொல்வார். மத்தியானத்துக்கு மேல் போங்கள், காலையில் கடை திறப்பதில்லை.