டெக்ஸாஸில் சொத்து வரிப் பதிவேடுகள்: ஒரு வீட்டு உரிமையாளரின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

டெக்ஸாஸ் மாநிலத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. அந்த நிம்மதியோடு வீடு வாங்குகிறவர்களுக்குச் சொத்து வரிதான் ஆண்டுதோறும் வந்து நிற்கும் பெரிய செலவு. மாநில அரசு சொத்து வரி விதிப்பதை அரசமைப்புச் சட்டமே தடுத்திருப்பதால், பள்ளி மாவட்டம், நகராட்சி, நம் ஊர் மாவட்டம் போன்ற கவுண்டி, சமுதாயக் கல்லூரி எனப் பல உள்ளூர் அமைப்புகள் ஒரே வீட்டின் மீது தனித்தனியே வரி விதிக்கின்றன. டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் சொந்த வீட்டில் பல ஆண்டுகளாக வசித்து, இந்த வரிக்கு அடிப்படையான பதிவேடுகளை இணையத்தில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அக்டோபரில் பில் வந்த பிறகு வருந்துவதில் பெரிய பயன் இல்லை என்பதே என் அனுபவம். வீட்டின் மதிப்பு ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி எழுதப்பட்டு, ஏப்ரல், மே மாதங்களிலேயே நம் பார்வைக்கு வந்துவிடுகிறது. அதைத் திருத்தச் சொல்வதற்கான காலமும் அதுதான்.

முதலில் எந்த அலுவலகத்தில் எது இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தவறான இணையதளத்தில்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு மதிப்புப் போடுவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் மதிப்பீட்டு அலுவலகம். 1979இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒன்று என அமைந்த இது, கவுண்டி நிர்வாகத்தின் பகுதி அன்று. பில் அனுப்பிப் பணத்தை வசூலிப்பது பெரும்பாலான கவுண்டிகளில் தேர்தலில் வென்று வரும் டாக்ஸ் அசெசரின் அலுவலகம். வாகனப் பதிவுக்கும் நாம் போய் நிற்கும் இடம் அதுவே. பத்திரம், அடமானம், மனைப் பிரிவு வரைபடம் ஆகியவை கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் இருக்கும். வரி விகிதத்தையோ இந்த மூன்று அலுவலகங்களும் நிர்ணயிப்பதில்லை. பள்ளி வாரியமும் நகர மன்றமும் கவுண்டி மன்றமும் ஆகஸ்ட், செப்டம்பரில் பொது விசாரணை நடத்தி வாக்களித்து முடிவு செய்கின்றன.

மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் முகவரியைக் கொண்டு தேடும்போது வீட்டு எண்ணையும் தெருப் பெயரின் முதல் பகுதியையும் மட்டும் கொடுப்பது நல்லது. தெருப் பெயரோடு டிரைவ், லேன், கோர்ட் என்பதையும் சேர்த்து எழுதினால், இருக்கிற வீடே இல்லை என்று பதில் வரக்கூடும். ஃபிரிஸ்கோ போன்ற நகரங்களில் இன்னொரு சிக்கல் உண்டு: அந்நகரம் காலின், டென்டன் ஆகிய இரு கவுண்டிகளிலும் பரவியிருப்பதால், ஒரே நகராட்சிக்கு வரி கட்டும் இரண்டு வீடுகளுக்கு இரண்டு வெவ்வேறு அலுவலகங்கள் மதிப்புப் போடுகின்றன. வீடு கிடைத்துவிட்டால், அங்குள்ள சொத்து எண்ணையும், மனைப்பிரிவின் பெயர், பிளாக், லாட் ஆகியவை அடங்கிய சட்ட விவரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் உள்ள விவரமும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். பிற அலுவலகங்களில் தேடவும் இவையே துணை.

அந்தப் பக்கத்தில் மூன்று மதிப்புகள் இருக்கும். சந்தை மதிப்பு முதலாவது. சொந்தக் குடியிருப்புக்கான ஹோம்ஸ்டெட் விலக்குப் பெற்ற வீடுகளுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூடாமல் கட்டுப்படுத்தப்படும் அப்ரைஸ்டு வேல்யூ இரண்டாவது. அதிலிருந்து விலக்குகளைக் கழித்த பின் மிஞ்சும் வரிக்குரிய மதிப்பு மூன்றாவது. எடுத்துக்காட்டாக, சென்ற ஆண்டு 5 லட்சம் டாலராக இருந்த அப்ரைஸ்டு வேல்யூ, இவ்வாண்டு சந்தை மதிப்பு 6 லட்சமாக உயர்ந்தாலும் 5 லட்சத்து 50 ஆயிரத்தைத் தாண்டாது. பள்ளி வரிக்கான விலக்கு 2023 நவம்பர் வாக்கெடுப்பில் 40 ஆயிரத்திலிருந்து 1 லட்சமாகவும், 2025 நவம்பரில் 1 லட்சத்து 40 ஆயிரமாகவும் உயர்ந்தது. அதைக் கழித்தால் 4 லட்சத்து 10 ஆயிரம் மிஞ்சும். பள்ளி வரி 100 டாலருக்கு 1 டாலர் என்று வைத்துக்கொண்டால் அந்த வரி 4,100 டாலர். இங்கே கவனிக்க வேண்டியது, சந்தை மதிப்பை எதிர்த்து முறையிட்டு 6 லட்சத்தை 5 லட்சத்து 70 ஆயிரமாகக் குறைத்தாலும் இவ்வாண்டு வரியில் ஒரு டாலர்கூடக் குறையாது என்பதே. முறையீட்டுக்கு உழைக்கும் முன் சந்தை மதிப்புக்கும் அப்ரைஸ்டு வேல்யூவுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள்.

விலக்குக்கு விண்ணப்பிப்பது இலவசம். ஓட்டுநர் உரிமத்தில் உள்ள முகவரி அந்த வீட்டு முகவரியாகவே இருக்க வேண்டும் என்பதால், குடியேறியவுடன் உரிமத்தை மாற்றிக்கொள்வது அவசியம். விண்ணப்பித்துத் தருவதாகக் கட்டணம் கேட்டு வரும் தனியார் கடிதங்களைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம்.

புது வீடு வாங்குகிற நம்மவர்களை மிகவும் சிரமப்படுத்துவது இரண்டாம் ஆண்டு. ஜனவரி 1ஆம் தேதி வெறும் மனையாகவோ பாதிக் கட்டடமாகவோ இருந்த இடத்தை மே மாதத்தில் முழு வீடாக வாங்கினால், அவ்வாண்டு பில் அந்த ஜனவரி நிலவரப்படி மிகக் குறைவாகவே வரும். மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் வாங்கிச் சேர்த்து நம் சார்பில் கட்டுவதற்கான எஸ்க்ரோ கணக்கை அந்தச் சிறிய தொகையை வைத்துக் கடன் நிறுவனம் போட்டிருந்தால், மறு ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வரும்போது பற்றாக்குறை விழுந்து, மாதத் தவணை சில நூறு டாலர்கள் எகிறிவிடும். 10 சதவீத உச்சவரம்பும் இதற்குக் கைகொடுக்காது, ஏனெனில் விலக்குத் தகுதி பெற்ற முதலாண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்துதான் அது செயல்படத் தொடங்குகிறது. புதிதாகக் கட்டப்பட்ட பகுதியின் மதிப்பும் அதற்குள் வராது. இதை விற்பனையின்போது எடுத்துச் சொல்பவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அதே தெருவில் ஓராண்டு முன் கட்டி முடிந்த வீடு ஒன்றின் பதிவைத் திறந்து பார்த்தாலே, அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

பதிவேட்டில் பலரும் திறந்துகூடப் பார்க்காத பகுதி கட்டட விவரம். எத்தனை சதுர அடி வசிப்பிடம், எவ்வளவு கேரேஜ், கூரையுள்ள தாழ்வாரம் எவ்வளவு, நீச்சல் குளம் உண்டா என்பதெல்லாம் அங்கே வரிவரியாக இருக்கும். சில தளங்களில் ஒரு கோட்டு வரைபடமும் கிடைக்கும். எங்கள் வீட்டின் வரவேற்பறை இரண்டு தள உயரம் கொண்டது. அதற்கு மேலே தளம் கிடையாது, வெற்றிடம்தான். பதிவில் இருந்த வரைபடமோ மேல்தளத்தை வீட்டின் முழு அகலத்துக்கும் நீட்டி, அந்த வெற்றிடத்தையும் வசிப்பிடச் சதுர அடியில் சேர்த்திருந்தது. கட்டுமான நிறுவனம் தந்த தரைத்தள, மேல்தள வரைபடங்களையும், மாடிக் கைப்பிடிக் கம்பியருகே நின்று கீழே வரவேற்பறை தெரியும்படி எடுத்த படத்தையும் இணைத்து முறையிட்டேன். சந்தை நிலவரம் பற்றி எதுவும் விவாதிக்கவில்லை. முறைசாராப் பேச்சு நிலையிலேயே அளவைத் திருத்தி, மதிப்பையும் குறைத்தார்கள். சந்தை மதிப்பு என்பது கருத்துக்கு இடம் தருவது, ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் வாதாட வேண்டியது. சதுர அடியோ ஒருமுறை சரியாகிவிட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் சரியாகவே தொடர்கிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை; பொதுவாக மே 15 அல்லது அறிவிப்பு அனுப்பப்பட்டு 30 நாள், இவற்றில் எது பிந்தியதோ அதுவே கடைசி நாள். மதிப்பீட்டு அலுவலகத்தோடு உடன்பாடு ஏற்படாவிட்டால், கவுண்டிவாசிகளே உறுப்பினர்களாக உள்ள மறுஆய்வுக் குழுவின் முன் விசாரணை நடக்கும். இந்த மாநிலத்தில் விற்பனை விலையை அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவான பத்திரத்தில்கூட 10 டாலரும் பிற மதிப்புமிக்க பிரதிபலனும் என்ற வழக்கமான வாசகமே இருக்கும். எனவே பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போயிற்று என்பதைப் பதிவேட்டில் தேடுவது வீண். அலுவலகம் எந்த விற்பனைகளை ஆதாரமாக வைத்திருக்கிறது என்பதைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு, விசாரணைக்கு 14 நாளுக்கு முன் அவர்கள் தந்தாக வேண்டும். அந்தக் கோப்பைக் கேட்காமல் விசாரணைக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒத்த வீடுகளை விட நம் வீட்டுக்குக் கூடுதல் மதிப்புப் போடப்பட்டுள்ளது என்ற வாதத்தையும் சட்டம் ஏற்கிறது. அதற்கு விற்பனை விலையே தேவையில்லை, அக்கம்பக்கத்து வீடுகளின் பதிவுகளே போதும்.

பில்லைப் பொறுத்தவரை ஜனவரி 31 கடைசி நாள். பிப்ரவரியிலேயே அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் சேரும், பிறகு மாதந்தோறும் கூடும். பில் கைக்கு வரவில்லை என்பது சட்டத்தின் முன் காரணமாகாது. எஸ்க்ரோ மூலம் கட்டுபவர்களும் டிசம்பர் இறுதியில் வரி அலுவலகத் தளத்தில் தம் கணக்கைத் திறந்து, தொகை போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பது நல்ல வழக்கம். புதிய குடியிருப்புகளில் தண்ணீர், கழிவுநீர் வசதிகளுக்காக அமைந்த முட் எனப்படும் பயன்பாட்டு மாவட்டம் தனி வரி விதிக்கும். சில இடங்களில் அதன் பில் வேறொரு வசூலிப்பாளரிடமிருந்து தனியே வரும் என்பதால், வீடு வாங்கும் முன்பே அந்த மனையில் எந்தெந்த அமைப்புகள் வரி விதிக்கின்றன என்ற பட்டியலைப் பாருங்கள்.

கடைசியாகக் கிளார்க் அலுவலகப் பதிவுகள். நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழ் வாங்கிப் பார்ப்பதை இங்கே சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனம் செய்துவிடுவதால், வீடு வாங்கிய பின் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் அரிது. ஆனால் வட்டி குறைந்தபோது கடனை மாற்றியவர்கள், பழைய கடன் தீர்ந்ததற்கான விடுவிப்பு ஆவணம் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பத்திர நகலுக்கு நூறு டாலர் அளவில் கேட்கும் கடிதங்கள் வரும். கிளார்க் அலுவலகத்தில் சாதாரண நகல் பக்கத்துக்கு 1 டாலர்தான். பெயர்த் தேடலில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. குடும்பப் பெயரை முன்னிறுத்தித் தொகுக்கப்பட்ட அட்டவணையில், தந்தை பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கும். கணவன், மனைவி இருவருக்கும் வெவ்வேறாக இருக்கும். விரித்தெழுதிய முதலெழுத்து சில ஆவணங்களில் முன்னும் சிலவற்றில் பின்னும் நிற்கும். நம் பெயரில் ஏதேனும் ஆவணம் பதிவானால் மின்னஞ்சல் அனுப்பும் இலவச எச்சரிக்கை வசதியைப் பல கவுண்டிகள் வைத்திருக்கின்றன. அதில் பதிவு செய்யும்போது பத்திரத்தில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுத்துவிட்டு, முன்பின் மாறிய வடிவத்தையும், இணை உரிமையாளரின் பெயரையும் தனித்தனியாகச் சேர்த்துவிடுங்கள்.