நேதாஜி மைதானத்துப் பக்கம் ஒரு கூழ் வண்டி

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக ஏழு மாதமாக வேலூர் நேதாஜி மைதானத்தில் ஓடுகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அப்புறம் கயிறு ஏறுவது, தாண்டுவது எல்லாம் இருக்கிறது. ஏழரை மணிக்குப் பயிற்சி முடிந்து வெளியே வந்தால் பசி உயிர் போகும். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் வேப்பமரத்தடியில் ஒரு அக்கா கூழ் வண்டி போடுகிறார். பெயர்ப்பலகை கிடையாது. மூன்று மாதமாக என் காலைச் சாப்பாடு அங்கேதான்.

அதற்கு முன்னால் கூட ஓடுகிற அண்ணன் ஒருவர் சொன்னாரே என்று ஒரு கடையில் 2,800 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் வாங்கினேன், அப்பா கொடுத்த பணம். மூன்றாம் நாளே வயிறு உப்பிக்கொண்டு இரண்டு சுற்றுக்கு மேல் ஓட முடியவில்லை. திருப்பிக் கொண்டுபோனால், திறந்த டப்பாவை எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அந்தப் பணத்துக்கு இந்த வண்டியில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கலாம் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கூழைப் பற்றிச் சொல்கிறேன். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க விட்டு, நொய் வெந்ததும் அதில் ஊற்றிக் கிண்டி, ராத்திரி முழுக்க ஆற வைக்கிறார். காலையில் பானையிலிருந்து ஒரு உருண்டை அள்ளிச் சொம்பில் போட்டு, மோர் ஊற்றி, விரலாலேயே நசுக்கிக் கரைக்கிறார். ஒரு கட்டி இருக்காது, ஆனால் நொய் நொய்யாக வாயில் தட்டுப்படும், அதுதான் ருசி. மேலே அரிந்த சின்ன வெங்காயம், பக்கத்தில் மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், மாங்காய்க் கீற்று. வேலூர் வெயிலில் ஓடி வேர்த்துக் கொட்டினபிறகு அந்த உப்பு மோர் உள்ளே இறங்குகிற சுகம் இருக்கிறதே! வேர்வையில் போன தண்ணீரும் உப்பும் ஒரே சொம்பில் திரும்பி வந்துவிடுகிறது.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குதான். தார் ரோட்டிலும் மண்ணிலும் தினமும் காலை அடித்து ஓடுகிறவனுக்கு எலும்பு பலமாக இருக்க வேண்டாமா? புளிக்க வைப்பதால் கேழ்வரகில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும், நம் பாட்டிமார் காரணம் தெரிந்துதான் செய்தார்களோ என்னவோ.

ஆனால் கூழ் மட்டும் குடித்துவிட்டுப் போகாதீர்கள். அதில் புரதம் கம்மி, 100 கிராம் மாவுக்கே 7 கிராம் அளவுதான். கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.4 முதல் 2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். நான் 62 கிலோ, குறைந்தது 87 கிராம் ஆகிறது. அதனால் கூழோடு இரண்டு அவித்த முட்டை, ஒரு பொட்டலம் அவித்த வேர்க்கடலை வாங்கிக்கொள்வேன். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய கால் பங்கு அங்கேயே வந்துவிடும், மீதிக்கு வீட்டில் பருப்பும் சுண்டலும் மீனும் இருக்கிறது. கூழ் 20, முட்டை இரண்டு 20, கடலை 20, ஆக 60 ரூபாய்.

எடை தூக்குகிற பிள்ளைகளும் இங்கே வருகிறார்கள். சத்துவாச்சாரியிலிருந்து போய் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் இரண்டு காமன்வெல்த்திலும் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் அல்லவா, இங்கே அந்தப் பித்து நிறையப் பேருக்கு. அவர்கள் உட்கார்ந்தால் ஆளுக்கு நாலு முட்டை காலி, அக்கா “ஏம்பா, பின்னால வர்ற பசங்களுக்கும் கொஞ்சம் வைங்கப்பா” என்பார்.

குறை இருக்கிறது. சொம்பெல்லாம் ஒரே பக்கெட் தண்ணீரில்தான் கழுவுகிறார், நான் வீட்டிலிருந்து சொந்தச் சொம்பு கொண்டுபோகிறேன், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்வதில்லை. முட்டையை ரொம்ப நேரம் வேக விட்டுவிடுகிறார், மஞ்சள் கரு மாவு மாதிரி தொண்டையில் அடைக்கும். மோர் மிளகாயில் உப்பு தூக்கல், மோரிலும் உப்பு இருப்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஓடுவதற்கு முன்னால் இங்கே வராதீர்கள். ஒரு முறை குடித்துவிட்டு ஓடி, வயிறு குலுங்கி நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன்னால் என்றால் முக்கால் மணி நேரம் இருக்கும்போது ஒரு வாழைப்பழம் போதும். கூழ் குடித்த கையோடு பக்கத்து டீக்கடைக்கும் போகாதீர்கள், டீ இரும்புச் சத்தைச் சேர விடாது, ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

எட்டரைக்கு மேல் போனால் பானை காலி, ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாது. சில்லறை எடுத்துப் போங்கள், அக்காவிடம் ஜிபே இல்லை.