நினைவு நிதிப் பக்கம் தொடங்கும் தளம்: ஐந்துக்கு மூன்று

பணம் திரட்டுகிற வேலையை இந்தத் தளம் ஒழுங்காகவே செய்கிறது. சொதப்புவது மற்ற இடங்களில். பெயர் வேண்டாம், சேவையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் அக்கா மகன் விபத்தில் போய்விட்டான். ஏழு வயது. அன்றைக்கு வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் கடைசிவரை விடாமல் போராடினார்கள், அவர்களுக்கு அவன் பெயரில் ஏதாவது செய்யவேண்டும் என்று அக்காவும் மாமாவும் சொல்ல, பக்கம் தொடங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தொடங்குவது சுலபம்தான். எனக்கு ரொம்பப் பிடித்தது, பணம் நம் கணக்குக்கே வருவதில்லை, பதிவுபெற்ற ஆம்புலன்ஸ் அமைப்புக்கு நேராகப் போய்விடும். சில தளங்களில் பக்கம் தொடங்கியவரின் கணக்குக்கு வந்து, பிறகு அவர் எடுத்துக் கொடுக்கவேண்டும். துக்க வீட்டில் அந்தக் கணக்கு வழக்கை யார் பார்ப்பது, சொந்தக்காரர்களே "பணம் போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும். இந்த ஒன்றுக்காகவே ஒரு நட்சத்திரம்.

இனி எரிச்சல். நன்கொடை கொடுத்து முடிக்கும் திரையில் 'தளத்துக்கு டிப்ஸ்' என்று ஒரு ஸ்லைடர், நாம் தொடாமலே ஏற்கெனவே 15 விழுக்காட்டில் நிற்கிறது. அதைப் பூஜ்யத்துக்கு இழுக்கலாம், ஆனால் அதற்கு 'வேறு தொகை' என்று சாம்பல் நிறத்தில் இருக்கும் பொடி எழுத்தைக் கண்டுபிடித்து அழுத்தவேண்டும். எங்கள் பெரியம்மாவெல்லாம் அதுவும் ஆம்புலன்ஸுக்குத்தான் போகிறது என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார். தளம் நடத்தச் செலவு உண்டு, சரி, கேட்கட்டும், ஆனால் நேராகக் கேட்கட்டும்.

அதைவிட மோசம், இலக்குத் தொகை நிறைந்ததும் திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்து 'அசத்திவிட்டீர்கள்!' என்று வந்தது. பின்னால் பள்ளிச் சீருடையில் குழந்தையின் படம். மாரத்தான் ஓடிப் பணம் திரட்டுகிறவருக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் ஒரே வார்ப்புருவைக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் வாராவாரம் ஒரு மின்னஞ்சல்: 'உங்கள் பக்கம் அமைதியாக இருக்கிறது, புதுப்படம் போட்டு உற்சாகமூட்டுங்கள்!' புதுப்படத்துக்கு நாங்கள் எங்கே போவது? நல்லவேளை, அக்காவின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருக்கவில்லை. நீங்களும் பெற்றோருடையதைக் கொடுக்காதீர்கள்.

தளத்தில் இல்லாத ஒரு முக்கியமான வசதி, பணம் எதற்கு என்று கட்டிச் சொல்வது. 'நோக்கம்' என்று ஒரு வரிப் பெட்டி இருக்கிறது, அதில் என்ன எழுதினாலும் பணம் பொதுநிதியில்தான் சேரும். நாங்கள் முதலில் ஆம்புலன்ஸ் குழுவிடமே போய்க் கேட்டோம். இதயத் துடிப்பை மீட்க மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் கருவியில் எட்டு வயதுக்கு அல்லது 25 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மின்னளவைக் குறைத்துக் கொடுக்கும் தனி ஒட்டுப்பட்டை உண்டு, அதற்குக் காலாவதித் தேதி உண்டு, மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். குழந்தை அளவு ஆக்சிஜன் முகமூடிகள், சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவி) பழக ஒரு குழந்தைப் பொம்மை, இதெல்லாம்தான் தேவை என்றார்கள். வண்டியில் ஒட்டப் பெயர்ப்பலகை வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆகவே, பக்கம் திறப்பதற்கு முன்பே அமைப்பிடம் 'இன்ன செலவுக்கு மட்டும்' என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். தளம் உங்களுக்காக அதைச் செய்யாது.

மாமாவுக்கு இந்த எண்ணம் வந்ததே ஜெர்மனியின் ஸ்டைகர் தம்பதியைப் பற்றிப் படித்துத்தான். 1969 மே மாதம், நீச்சல் குளத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அவர்களுடைய எட்டு வயது மகன் பியோர்ன் மீது கார் மோதியது, ஆம்புலன்ஸ் வந்துசேர ஏறக்குறைய ஒரு மணிநேரம் ஆயிற்று, பையன் பிழைக்கவில்லை. இரண்டே மாதத்தில் பெற்றோர் அவன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார்கள். சாலையோர அவசரத் தொலைபேசிகளை நிறுவினார்கள், ஆம்புலன்ஸில் வானொலித் தொடர்பு வேண்டும் என்றும் நாடெங்கும் ஒரே மாதிரி அவசர எண்கள் வேண்டும் என்றும் அரசை விடாமல் துரத்தினார்கள். 1973-இல் அரசு அந்த எண்களுக்கு ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு இப்படி ஒரு தளமெல்லாம் கிடையாது. எங்களால் முடிந்தது ஒட்டுப்பட்டையும் பொம்மையும்தான், பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. நன்கொடையோடு ஆட்கள் எழுதிய ஆறுதல் வரிகளைத்தான் அக்கா திரும்பத் திரும்பப் படிக்கிறாள். அவற்றை இறக்கினால் எக்ஸெல் கோப்பாக வருகிறது, நீளமான செய்திகள் பாதியில் வெட்டுப்படுகின்றன, தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வருகின்றன. வாடிக்கையாளர் சேவையிடம் சொன்னால் 'குறித்துக்கொண்டோம்' என்கிறார்கள். அதுவரை நான் ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இதைச் சரிசெய்தால் இன்னொரு நட்சத்திரம் போடத் தயார், காகிதத் துண்டுகளை எடுத்தால் ஐந்தும் தருகிறேன்.