ஒரே சிஸ்டத்தில் விண்டோஸும் லினக்ஸ் மின்டும்: மதுரை டிடிபி கடையின் நீண்டநாள் அனுபவம்

மதுரை வில்லாபுரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் டிசைன், அதோடு ஆன்லைன் விண்ணப்பங்கள். கடையின் முக்கிய சிஸ்டத்தில் 2022 இறுதியிலிருந்து விண்டோஸ் 10-ம், இலவச ஓஎஸ் (இயங்குதளம்) ஆன லினக்ஸ் மின்டும் சேர்ந்தே இருக்கின்றன; தொடங்கும்போது எது வேண்டும் என்று மெனுவில் தேர்ந்தெடுக்கலாம், இதைத்தான் இரட்டை பூட் என்கிறார்கள். ஏழாம் தலைமுறை ஐ3 பிராசசர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி. தினமும் காசு வாங்கி வேலை செய்து கொடுக்கும் சிஸ்டம் இது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் வேலைக்கு நடுவே பார்த்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஓஎஸ் வைத்துக்கொள்வது அருமையான ஏற்பாடு, எந்த வேலை எதில் என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தால். அந்தப் பிரிவினை இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் ஒன்று சும்மா கிடக்கும், டிஸ்க்கில் இடம்தான் போகும். 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸ் 7-உடன், இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம்மூரில் எத்தனையோ பிள்ளைகள் இரட்டை பூட் மெனுவை முதலில் பார்த்தது அதில்தான். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் யாரும் லினக்ஸ் பக்கம் போகவே இல்லை. அதில் இன்ன வேலையைச் செய் என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நிறுவுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவைச் சுருக்கினேன். அதில் காலி இடம் நிறைய இருந்தாலும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று காட்டலாம். ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் ஃபைல் மாதிரி விண்டோஸ் தனக்காக வைத்திருக்கும், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டால் இடம் கிடைக்கும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப் என்றால் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். மின்டுக்குக் குறைந்தது 20 ஜிபி போதும், 100 ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள். நான் 80 கொடுத்தேன், இதுவரை நெருக்கடி வரவில்லை.

உண்மையில் யோசித்துச் செய்ய வேண்டியது பொது டிரைவ். வாடிக்கையாளர் கோப்புகள் இரண்டு பக்கமிருந்தும் திறக்க வேண்டும். அதற்காக 250 ஜிபி அளவில் டி டிரைவை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவிலேயே வைத்திருக்கிறேன். லினக்ஸ் அதைப் படிக்கும், எழுதும். ஆனால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸில் போனால் டி டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் ஒரே கணக்கு நோட்டில் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகுமோ அதைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு. வற்புறுத்தித் திறக்கும் வழிகளை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷனுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அது திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடிகாரம். மின்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் காலை பத்து மணிக்கு நாலரை என்று காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நம் நாட்டுக்கு இடைவெளி ஐந்தரை மணி நேரம். ரசீது அடித்துக் கொடுக்கும் கடையில் இது சரிப்படாது. மின்டின் டெர்மினலில் ஒரே கட்டளையில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு தொந்தரவே இல்லை.

இப்போது வேலைப் பிரிவினைக்கு வருகிறேன். விண்ணப்பங்கள், பேங்க், மெயில், கடிதம் தட்டச்சு, பிடிஎஃப் பிரிப்பது சேர்ப்பது எல்லாமே மின்டில். தமிழ்99 விசைப்பலகை நன்றாக வேலை செய்கிறது. பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும் வேர்டு கோப்புகளும் எழுத்துருவை நிறுவியதும் லிப்ரெஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் மென்பொருளில் ஒழுங்காகத் தெரிகின்றன.

தடுக்கும் இடம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். மதுரைச் சுற்று வட்டாரத்தில் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் என்று இருபது வருஷத்து வேலை அந்தக் கோப்புகளில்தான் கிடக்கிறது. "போன தடவை அக்கா கல்யாணத்துக்கு அடிச்சீங்களே, அதே மாதிரி வேணும்ண்ணே" என்று ஒருவர் வந்து நின்றால் அந்தக் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். லிப்ரெஆபிஸ் டிரா பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத்தான் செய்கிறது. ஆனால் வரி இடைவெளி கலைந்து, ஓரச் சித்திரம் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் நிற்கும். அதைச் சரிசெய்யும் நேரத்தில் புதிதாகவே அடித்துவிடலாம். ஃப்ளெக்ஸும் இப்படித்தான். அச்சகம் விண்டோஸில் ஓடும் வரைகலை மென்பொருளான கோரல்டிரா கோப்பாகவே கேட்கிறது. மின்டில் ஓடும் இங்க்ஸ்கேப் எனக்கு ரொம்பப் பிடித்த வரைகலை மென்பொருள், லோகோவெல்லாம் அதில்தான் வரைகிறேன். ஆனால் அச்சகத்துக்குப் போகும் கடைசிக் கோப்பு விண்டோஸில்தான் தயாராகிறது. கடையின் பழைய லேசர் பிரிண்டரும் விண்டோஸில் மட்டும் அடம்பிடிக்காமல் ஓடுகிறது. மின்டில் பிடிஎஃப் ஆக்கி, மாலையில் விண்டோஸில் ஒரே மூச்சாக அச்சடிப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

இதில் உண்மையான செலவு, மாறி மாறிப் போவது. எல்லாவற்றையும் மூடி, மறுபடி தொடங்கி, மெனுவில் தேர்ந்தெடுத்து, உள்ளே போக வேண்டும். எஸ்எஸ்டியில் சில நிமிஷம்தான் என்றாலும், எதிரே ஆள் நின்றால் அது நீளமாகத் தெரியும். அதனால் காலை முதல் மூன்று மணிவரை மின்ட், அப்புறம் விண்டோஸ் என்று நேரம் வகுத்தோம். கடையில் உதவிக்கு இருக்கும் தம்பி ஆரம்பத்தில் "அண்ணே, விண்டோஸ்ல போகவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். இப்போது வேலையைப் பார்த்து அவனே முடிவு செய்கிறான்.

மின்வெட்டுக்கு மின்ட் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. அப்டேட்டை நான் சொல்லும்போதுதான் போடுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் யுபிஎஸ் கூவும்போது சட்டென்று மூடிவிடலாம். டைம்ஷிஃப்ட் என்ற மின்ட் கருவியில் சிஸ்டத்தின் பழைய நிலையைச் சேமித்து வைத்திருப்பதால் அப்டேட் போடப் பயமும் இல்லை.

2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டால், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு வசதி) இயக்கியிருந்த பல இரட்டை பூட் கணினிகளில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. எங்கள் சிஸ்டத்தில் செக்யூர் பூட் அணைத்திருந்ததால் பாதிப்பில்லை. ஆனால் ஒரு ஓஎஸ் செய்யும் மாற்றம் இன்னொன்றின் வாசலை அடைக்க முடியும் என்று அப்போது நன்றாகப் புரிந்தது. அப்படி அடைபட்டால் தொடங்கிச் சரிசெய்ய மின்ட் போட்ட பென் டிரைவ் ஒன்று அன்றிலிருந்து மேசை டிராயரிலேயே இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. எங்கள் பிராசசர் விண்டோஸ் 11-க்குத் தகுதியான பட்டியலில் இல்லை. இரட்டை பூட் இல்லாவிட்டால் நன்றாக ஓடும் சிஸ்டத்தை மாற்றியிருக்க வேண்டும். இப்போது விண்டோஸில் இணையத்தைத் துண்டித்துவிட்டேன். பேஜ்மேக்கர், கோரல்டிரா, பிரிண்டர், அவ்வளவுதான். இணையம் தொடும் எல்லாமே மின்ட் பக்கம். மின்ட் 21-க்கு 2027 ஏப்ரல்வரை ஆதரவு உண்டு, அதற்குள் 22-க்கு ஏற்றிவிடலாம்.

அடுத்த சிஸ்டம் வாங்கும்போது இரண்டு எஸ்எஸ்டி போடப் போகிறேன், ஓஎஸ்ஸுக்கு ஒன்று. பூட் பகுதியும் தனித்தனியாக இருக்கும், ஒன்றைக் கழற்றினாலும் மற்றது ஓடும். கடை வைத்திருப்பவர்கள் யாராவது புதிதாக ஆரம்பித்தால் அப்படியே ஆரம்பியுங்கள். டிரைவைச் சுருக்கும் வேலையே இருக்காது.