120 பவுண்டு கொடுத்து ஏமாந்தேன்: பழைய நகைச்சுவை இசைத்தட்டு வாங்குவோர் கவனத்திற்கு

பழைய பொருள்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் 120 பவுண்டு கொடுத்து ஓர் இசைத்தட்டை வாங்கி ஏமாந்திருக்கிறேன். பணம் திரும்பாது என்று இன்று காலை அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதே தட்டுக்காக அலைகிற நம்மவர் லண்டனில் சிலர் உண்டு, அவர்களாவது தப்பட்டும். எதையெதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தட்டு, பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸின் 'சாங்ஸ் ஃபார் ஸ்விங்கின் செல்லர்ஸ்'. ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில் 1959இல் பார்லஃபோன் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. பீட்டில்ஸ் அவரிடம் வந்து சேர்வதற்கு முன்பு இத்தகைய நகைச்சுவைத் தட்டுகள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. உறையில் ஒரு மரம், அதிலிருந்து தொங்கும் பூட்ஸ் கால்கள். பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் 'சாங்ஸ் ஃபார் ஸ்விங்கின் லவர்ஸ்' என்ற தட்டுப் பெயரைக் கிண்டல் செய்யும் விதம் அது; 'ஸ்விங்' என்றால் தொங்கி ஆடுவதும்தானே. செல்லர்ஸ் இந்திய உச்சரிப்பில் பாடும் பாட்டும் இதில் உண்டு. அதற்குச் சிரிப்பதா, எரிச்சல்படுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மோனோ தட்டின் எண் பி.எம்.சி. 1111, ஸ்டீரியோவுக்குப் பி.சி.எஸ். 3003. அன்று ஸ்டீரியோ கருவி வைத்திருந்த வீடுகள் குறைவு; 1963இல் பார்லஃபோன் தட்டின் நடுவில் ஒட்டும் கறுப்புப் பொன்னிற லேபிளைக் கைவிட்டு மஞ்சளுக்கும் மாறிவிட்டது. ஆகவே பொன்னிற லேபிளோடு கூடிய ஸ்டீரியோ தட்டு அரிது; அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

விளம்பரத்தில் நான்கு படங்கள் இருந்தன. லேபிள் பளிச்சென்ற பொன்னிறம். நடுத்துளையின் ஓரத்தில், யாரோ அவசரமாகத் தட்டை மாட்டியபோது விழுந்த மயிரிழை போன்ற ஒரு கீறல். படத்தை மட்டும் நம்பக் கூடாது என்கிற அளவுக்கு விவரம் தெரிந்தவன்தான் நான். பாட்டு முடிந்து ஊசி லேபிளை நெருங்கும் வழவழப்பான வளையத்தில் பொறித்திருப்பதைப் படித்துச் சொல்லுமாறு விற்பவரிடம் கேட்டேன். இருபதே நிமிடத்தில் மறுமொழி வந்தது: கீழே ஒய்.இ.எக்ஸ். என்று தொடங்கும் எண் (ஸ்டீரியோவுக்கு உரியது), இடப்பக்கம் 1, வலப்பக்கம் ஜி, இரண்டு முகத்திலும் அப்படியே.

இந்த 'ஜி'யின் அருமை சேகரிப்பவர்களுக்குத்தான் தெரியும். பார்லஃபோனின் தாய் நிறுவனமான இ.எம்.ஐ.யின் ஆலையில், தட்டை அழுத்தி வார்க்கும் உலோக அச்சுகளை எண்ணக் 'கிராமஃபோன் லிமிடெட்' என்பதன் சுருக்கமான பத்து ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்தினார்கள்: ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, டி 9, கடைசி எழுத்து சுழியம். இடப்பக்க எண் எந்தத் தாய்த்தகட்டிலிருந்து அச்சு எடுத்தார்கள் என்பதைச் சொல்லும். தாய்த்தகடு 1, அச்சு ஜி என்றால் அந்தத் தட்டு வரிசையின் தொடக்கத்திலேயே வெளிவந்தது என்று பொருள். இவ்வளவு கூர்மையாகப் படித்துச் சொல்பவர் திருடராக இருக்க மாட்டார் என்று நினைத்தேன். அந்த ஒற்றை எழுத்தில் விழுந்து, அன்றிரவே 120 பவுண்டை அனுப்பிவிட்டேன்.

உறையில் குறையில்லை; பின்புறம் மடித்து ஒட்டிய ஓரங்களோடு கூடிய பழைய ஸ்டீரியோ உறைதான். உள்ளே இருந்தது வேறு. மஞ்சள் லேபிள். அதில் மறுவிற்பனை விலை நிபந்தனை பற்றிய ஆங்கில வரி ஒன்று; 1964 வாக்கில் வந்து அந்தப் பத்தாண்டின் முடிவில் மறைந்த வரி அது, 1959 தட்டில் இருக்கவே முடியாது. மேசை விளக்கின் அடியில் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். எக்ஸ்.இ.எக்ஸ்., அதாவது மோனோ. இடப்பக்கம் 4, வலப்பக்கம் ஆர், ஓ: இருபத்தைந்தாவது அச்சு. நடுத்துளையின் ஓரத்தில் கீறலே இல்லை. நான் குடியிருப்பது லண்டனின் மேற்கே ஹேய்ஸில். இந்தத் தட்டை வார்த்த ஆலை இருந்த இடம் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அங்கே பிறந்த தட்டை எனக்கே மாற்றி விற்றிருக்கிறார்கள்.

விற்பவர் முதலில் "படம் மாதிரிக்குப் போட்டது" என்றார். அப்படியானால் ஒய்.இ.எக்ஸ்., ஜி என்று எதைப் பார்த்துப் படித்தீர்கள் என்று கேட்டதற்கு இரண்டு நாள் மௌனம். பிறகு "பழைய பொருள், விசாரித்துத்தான் வாங்க வேண்டும்" என்று எனக்கே உபதேசம். சந்தையின் குறைதீர்ப்புப் பிரிவோ, தட்டின் பெயரும் பாடியவர் பெயரும் விளம்பரத்தில் உள்ளபடியே இருப்பதால் இது வேறு பொருள் அல்ல என்று எழுதியது. இரண்டு லேபிள்களையும் அருகருகே வைத்துப் படம் அனுப்பினேன். நிறம் ஒளியைப் பொறுத்து மாறித் தெரியலாமாம்! மூன்றாவது கடிதத்துக்கு, புகார் முடிக்கப்பட்டது என்ற ஒற்றை வரிதான் வந்தது. 120 பவுண்டு போனதுகூடப் பெரிதில்லை. கறுப்பு வெள்ளையாகத் தெரிகிற ஒன்றைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார்களே, அதுதான் ஆறவில்லை.

விரிவாக எழுதப் பொறுமையில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளையத்தின் எழுத்துகளை விற்பவர் வாயால் கேட்காதீர்கள். அவை பட்டியல்களில் கிடைக்கும், யாரும் பார்த்து ஒப்பிக்கலாம். அன்றைய தேதி எழுதிய காகிதத்தை லேபிளின் மேல் வைத்துப் படம் கேளுங்கள். உறையின் எண்ணும் லேபிளின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். உறை ஒரு தட்டுக்கும் தட்டு வேறோர் உறைக்கும் உரியதாக இருப்பது சகஜம். பார்சலைப் பிரிக்கும்போது காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சந்தையைத் திறந்து பார்த்தேன். அதே தட்டு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது, இந்த முறை 135 பவுண்டு. பொன்னிற லேபிள், துளையின் ஓரத்தில் அதே மயிரிழைக் கீறல்.