பிரிசிஷனா, ஜாஸா? பேஸ் கிட்டார் வாங்குமுன் ஓர் ஒப்பீடு

பிரிசிஷன், ஜாஸ் என்பவை பேஸ் கிட்டாரின் இரண்டு மாடல்கள். கடையில் உட்கார்ந்து தனியாக வாசித்துப் பார்த்தால் பலருக்கும் ஜாஸ் பேஸ்தான் பிடிக்கும். டிரம்ஸ், கீபோர்டு, இரண்டு கிட்டார் என்று ஒரு குழுவுக்கு நடுவே வைத்துக் கேட்டால் பிரிசிஷன் பேஸ்தான் தெளிவாகக் காதில் விழும். பணத்தைக் கொடுத்த பிறகு பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். அதனால் எது நல்ல பேஸ் என்று கேட்பதை விட, எங்கே வாசிக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்வது நல்லது.

இரண்டுமே அமெரிக்கக் கம்பெனியான ஃபெண்டர் தந்தவை. பிரிசிஷன் 1951-இல் வந்தது. இன்று நாம் பார்க்கும், இரண்டாகப் பிரிந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்) அதில் 1957-இல் சேர்ந்தது. ஜாஸ் 1960-இல் வந்தது. இரண்டிலும் ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம், 34 அங்குலம், வழக்கமாக 20 ஃப்ரெட் (கழுத்துப் பகுதியான நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகள்), உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி இடைவெளி சுமார் 19 மி.மீ. மற்ற கம்பெனிகளின் பேஸ்களில் பலவும் இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டின் கலவையையோ பின்பற்றியவைதான்.

பிரிசிஷனில் ஒரே பிக்கப், இரண்டு துண்டாக. ஈ, ஏ கம்பிகளுக்கான துண்டு நெக் பக்கம், டி, ஜி கம்பிகளுக்கானது பிரிட்ஜ் பக்கம். ஒரு வால்யூம், ஒரு டோன். அவ்வளவே. இதன் பலம் கீழ்-நடு அலைவரிசையில் இருக்கிறது. கிட்டாரும் கீபோர்டும் எவ்வளவு சத்தம் போட்டாலும் ஒவ்வொரு சுரமும் தனியாக நிற்கும். டோன் குமிழைப் பாதிக்கு இறக்கினால் அமெரிக்க சோல் இசை நிறுவனமான மோட்டவுனின் பாணி உருண்டை ஒலி. மோட்டவுனின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜாமர்சன் வாசித்தது 1962 பிரிசிஷன், அதில் வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகள்.

ஜாஸில் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்யூம், பொதுவாக ஒரு டோன். இரண்டையும் முழுதாகத் திறந்தால், ஒரே கம்பியை இரண்டு இடத்திலிருந்து கேட்பதால் நடு அலைவரிசையில் ஒரு பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆழமும் பளபளப்பும் மட்டும் மிஞ்சும். கடையில் மயக்குவது இதுதான். குழுவில் அந்தக் காலி இடத்தைக் கீபோர்டுக்காரரின் இடது கை நிரப்பிவிடும், பேஸ் காணாமல் போகும். தீர்வு எளிது: ஏதாவது ஒரு பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கினால் நடு ஒலி திரும்பி வரும். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் வைத்து, அதன் மேலேயே விரல் போட்டால் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பாணிக் கறாரான ஒலி. அவருடையது ஃப்ரெட் எடுக்கப்பட்ட 1962 ஜாஸ். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் முறை) வாசிப்பவர்கள் ஜாஸை விரும்புவதற்கு, அதே இரண்டு பிக்கப் பளபளப்புதான் காரணம். ஸ்லாப்புக்குப் பெயர்போன மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் அதற்கு நல்ல உதாரணம்.

ஆனால் குமிழை இறக்கியவுடன் வேறொரு தொல்லை வரும். ஜாஸின் இரண்டு பிக்கப்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டும் சம அளவில் திறந்திருக்கும்போது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் ரத்தாகும். ஒன்றை இறக்கினால் அந்தச் சமன் போய் ‘ம்ம்ம்’ என்ற ஹம் எழும். பிரிசிஷனின் இரண்டு துண்டுகளும் எப்போதும் சேர்ந்தே வேலை செய்வதால் அதில் இந்தப் பிரச்சினை இல்லை. எர்த் சரியில்லாத வீடுகளிலும், டியூப் லைட்டும் டிம்மரும் நிறைந்த கல்யாண மண்டபங்களிலும் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். ஜாஸ்தான் வேண்டும் என்றால், பிக்கப் குழியில் தாமிர ஃபாயில் ஒட்டி அதைக் கிரவுண்டோடு இணைக்கலாம். கரகரப்பு குறையும், ஹம் முழுதாகப் போகாது. முழுதாகப் போக வேண்டுமென்றால் இரண்டு காயிலை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பிக்கப் மாற்ற வேண்டும். ஹம் போகும் என்று ஆம்ப்பின் எர்த் பின்னை வெட்டுவதும், இரண்டு பின் அடாப்டரில் சொருகுவதும் மட்டும் கூடவே கூடாது. பேஸின் கம்பிகள் கிரவுண்டோடு இணைந்தவை. ஆம்ப்பில் கோளாறு வந்தால், மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும்.

அடுத்து நெக். ஜாஸின் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தாண்டிச் செல்லும் துண்டு) அகலம் 38 மி.மீ. பிரிசிஷனில் மாடலைப் பொறுத்து 41 முதல் 44 மி.மீ. வரை. சில பிரிசிஷன்களில் ஜாஸ் அளவு நெக்கே வருவதால் பெயரை நம்பாமல் அளவுகோல் வைத்துப் பார்ப்பது மேல். ‘சின்னக் கை என்றால் ஜாஸ் வாங்கு’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. குறுக்கே அகலம் குறைகிறதே தவிர, ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் தூரம் இரண்டிலும் ஒன்றே. முதல் நான்கு ஃப்ரெட்டில் விரல் எட்டவில்லை என்றால் ஜாஸிலும் எட்டாது. அதற்கு 30 அங்குல ஷார்ட் ஸ்கேல்தான் வழி. 12-ஆவது ஃப்ரெட்டைத் தாண்டினால் இரண்டு நெக்கும் கிட்டத்தட்ட ஒரே அகலம். ஆறு கம்பிக் கிட்டாரிலிருந்து வருபவர்களுக்கு ஜாஸ் உடனே பழகும். தடித்த விரல்காரர்களுக்குப் பிரிசிஷனில் பக்கத்துக் கம்பி தவறுதலாக ஒலிப்பது குறையும்.

எடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு மரக்கட்டையும் ஒவ்வொரு கனம். நாலரைக் கிலோவுக்கு மேல் போனால் இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோள் வலிக்கும். ஸ்ட்ராப் மாட்டி நின்று, இரண்டு கையையும் விட்டுப் பாருங்கள். நெக் தரையை நோக்கிச் சாய்ந்தால் இடது கை எப்போதும் அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பட்ஜெட்டில் பார்ப்பவர்கள் ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவயரில்தான் வந்து நிற்பார்கள். அங்கே ஒரு சிக்கல். அஃபினிட்டி வரிசையில் பிரிசிஷன் என்று வருவது பி-ஜே, அதாவது நடுவில் பிரிசிஷன் பிக்கப், பிரிட்ஜில் ஜாஸ் பிக்கப். இரண்டும் ஒன்றில் கிடைக்கிறதே என்று தோன்றும். உண்மையில் ஜாஸ் பிக்கப்பின் ஒலி பிரிசிஷன் பிக்கப்புக்கு முன் மெலிந்து கேட்கும். பல மாடல்களில் அது சிங்கிள் காயில் என்பதால், அதைத் திறக்கும்போதெல்லாம் ஹம் வரும், இரண்டையும் முழுதாகத் திறந்தாலும் வரும். பிரிட்ஜ் பிக்கப்பைக் கம்பிக்குச் சற்று அருகே உயர்த்தினால் மெலிவு ஓரளவு சரியாகும். அசல் பிரிசிஷனையும் அசல் ஜாஸையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டுமானால் கிளாசிக் வைப் வரிசை பொருத்தம்.

எதை எடுத்தாலும் கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஜி கம்பியில் முதல் ஃப்ரெட்டிலிருந்து 12 வரை ஒவ்வொரு சுரமாக அடித்து, தானாக அடங்கும்வரை விடுங்கள். பெரும்பாலும் 5-க்கும் 7-க்கும் நடுவே ஏதோ ஒரு சுரம் மட்டும் பொசுக்கென்று செத்துவிடும். இதற்கு டெட் ஸ்பாட் என்று பெயர். நெக் மரத்தின் அதிர்வு அந்தச் சுரத்தை விழுங்குவதால் வருவது. இந்த வகை நெக்குகளில் கொஞ்சம் இருப்பது சகஜம். அதிகமாக இருந்தால் அதே மாடலில் வேறொன்றைக் கேளுங்கள். செட்டப் செய்து இதை முழுதாக நீக்க முடியாது.

கம்பி உயரம் அப்படியல்ல, சரி செய்துகொள்ளலாம். முதல் ஃப்ரெட்டில் காப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் ஈ கம்பியை அழுத்தினால், நெக்கின் நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதிகமென்றால், நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டான டிரஸ் ராடைக் கடிகாரத் திசையில், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருக வேண்டும். பிறகு 17-ஆவது ஃப்ரெட்டில் ஈ கம்பி 2.4 மி.மீ., ஜி கம்பி 2 மி.மீ. என்று பிரிட்ஜில் வைத்தால் போதும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே நெக் அசையும். வருடத்துக்கு இரண்டு முறை இதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். பழைய பாணி மாடல்கள் சிலவற்றில் டிரஸ் ராடின் திருகு நெக்கின் அடியில் இருப்பதால் நெக்கையே கழற்ற வேண்டும். வாங்குமுன் தலைப்பகுதியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்ச் குழு, ராக் குழு, இரண்டு கிட்டார் இருக்கும் எந்தக் குழுவும் என்றால் என் ஓட்டு பிரிசிஷனுக்கு. மெல்லிசைக் கச்சேரியில் ஒரே இரவில் பத்து விதப் பாட்டு வாசிப்பவர்களுக்கும், இளையராஜா பாடல்களில் போல பேஸே தனி மெட்டாக நடக்கும் இசைக்கும், ஸ்லாப்புக்கும் ஜாஸ். வீட்டில் ஹெட்ஃபோன் போட்டு மட்டும் வாசிப்பவர் எதையும் வாங்கலாம், கைக்கு எது சுகமோ அது. ஆம்ப்புக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்: ஈ கம்பியின் அடிச் சுரம் 41 ஹெர்ட்ஸ், 15 வாட் பயிற்சி ஆம்ப் டிரம்ஸுக்குப் பக்கத்தில் அதைக் காட்டாது, கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் சொருகிச் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும்.